அடிபட்டவர் மீண்டும் எழலாம்

குடிபாலா ஒரு எல்லை ஊர். சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது. ஊர் ஆந்திராவில். ஆனால் தெருவில் தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும்.

இந்தப் பக்கத்தில் மா உண்டு. கரும்பு உண்டு. வெல்லம் காய்ச்சுவார்கள். கல்குவாரிகள் உண்டு. மாங்காய்ப் பருவம் வந்தால் தோத்தாபுரிக் காய் ஏற்றிய டிராக்டர்கள் மாங்கூழ்த் தொழிற்சாலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஸ்ரீசிட்டி பக்கம் போகிறவர்களும் உண்டு.

முன்பெல்லாம் பாரம் சுமந்தது மாடும் மனிதனின் தலையும்தான். இன்று டிராக்டர் சுமக்கிறது. டிப்பர் லாரி சுமக்கிறது. ஜேசிபி மண்ணை அள்ளுகிறது. கிரேன் கல்லைத் தூக்குகிறது. தொழிற்சாலைக்குள் ஃபோர்க்லிஃப்ட் என்ற சிறிய வண்டி, முன்னால் இரண்டு இரும்புக் கரங்களை நீட்டிக்கொண்டு பீப்பாய்களைத் தூக்குகிறது.

இந்த வண்டிகளால் வேலை சுலபமானது. முதுகுவலி குறைந்தது. ஆனால் ஆபத்தும் கூடவே வந்தது. மாடு முட்டினால் காயம். டிப்பர் ஏறினால் உயிரே போய்விடும்.

விபத்து ஏன் நடக்கிறது? நடந்துவிட்டால் முதலில் என்ன செய்வது? அடிபட்டவர் எப்படித் தேறுவார்? அவருக்கு என்ன உரிமை உண்டு? இவற்றைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

விபத்து எப்படி நடக்கிறது?

"எல்லாம் தலைவிதி" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் தடுக்கலாம்.

முதல் காரணம், வண்டி கவிழ்வது. டிராக்டரின் பின் சக்கரம் பெரியது. அதன் எடை உயரத்தில் இருக்கிறது. வரப்பு ஓரம், கால்வாய்க் கரை, சரிவான இடம், இங்கெல்லாம் வேகமாகத் திருப்பினால் சாய்ந்துவிடும். ஓட்டுபவர் அடியில் மாட்டிக்கொள்வார். இதைத் தடுக்க டிராக்டரின் மேல் வலுவான இரும்புச் சட்டம் பொருத்தலாம். வண்டி கவிழ்ந்தாலும் அந்தச் சட்டம் தாங்கும். ஓட்டுபவர் நசுங்க மாட்டார். ஸ்வீடன் நாட்டில் 1959ஆம் ஆண்டு முதல் புதிய டிராக்டர்களுக்கு இந்தச் சட்டம் கட்டாயம் ஆக்கப்பட்டது. அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது மிகவும் குறைந்துவிட்டது.

இரண்டாவது காரணம், சுழலும் தண்டு. டிராக்டரின் பின்னால் ஒரு தண்டு சுழலும். அதில்தான் கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றை மாட்டுவார்கள். இந்தத் தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 முறை சுற்றும். அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. சேலை முந்தானையோ, வேட்டி நுனியோ, துண்டோ அதில் பட்டால் போதும். "ஐயோ" என்று சொல்லும் முன்பே ஆளை இழுத்துவிடும். அதனால் தண்டின் மேல் மூடி இருக்க வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யக் கூடாது.

மூன்றாவது காரணம், பின்னால் வருவது. டிப்பர் ஓட்டுபவருக்குத் தன் வண்டியின் பின்பக்கம் முழுவதும் தெரியாது. கண்ணாடியில் சிறிது தெரியும். மீதி எல்லாம் மறைவு. கிளீனர் பின்னால் நின்று "வா, வா" என்று கை காட்டுகிறார். அவர் சற்று நகர்ந்தால் ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். அப்போதுதான் விபத்து நடக்கிறது. கை காட்டுகிறவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஓட்டுபவரின் கண்ணாடியில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் தெரியாவிட்டால் ஓட்டுபவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

நான்காவது, ஃபோர்க்லிஃப்ட். பார்க்கச் சிறிய வண்டிதான். ஆனால் 2 டன் தூக்குகிற வண்டியின் சொந்த எடையே 3 டன்னுக்கு மேல். முன்னால் பாரம் தூக்கும்போது கவிழாமல் இருக்கப் பின்னால் கனமான இரும்பு வைத்திருப்பார்கள். இது பின் சக்கரத்தால் திரும்பும் வண்டி. திரும்பும்போது பின்பக்கம் அகலமாகச் சுழன்று வரும். பக்கத்தில் நிற்பவரைச் சுவரோடு நசுக்கிவிடும். பாரத்தை உயரத் தூக்கிக்கொண்டே ஓட்டினால் வண்டி சாயும். சாயும்போது வெளியே குதிப்பவர்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார். இடுப்பு பெல்ட் போட்டு, இருக்கையிலேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே நல்லது.

ஐந்தாவது, டிரெய்லரில் ஆள் ஏற்றுவது. டிரெய்லர் பாரம் ஏற்ற மட்டும்தான். அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கவிழ்ந்தால் ஒரே நேரத்தில் பலர் அடிபடுவார்கள். இன்னொன்றும் உண்டு. டிரெய்லரில் கூட்டமாக ஆள் ஏற்றியிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம்.

முதல் சில நிமிடங்கள்

விபத்து நடந்துவிட்டது. எல்லோரும் ஓடிவருகிறார்கள். கூச்சல், அழுகை. இந்த நேரத்தில் நிதானம் வேண்டும்.

முதலில் வண்டியை அணைக்க வேண்டும். சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காப்பாற்றப் போனவரும் அடிபடுவார்.

வண்டி மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் கிட்டே போகக் கூடாது. மின்சார அலுவலகத்துக்குச் சொல்லிக் கரண்டை நிறுத்தச் செய்ய வேண்டும். வண்டிக்குள் இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும்.

அடுத்து 108க்குப் போன் செய்ய வேண்டும். 108 ஆம்புலன்ஸ் ஆந்திராவில் 2005இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2008இல் வந்தது. காசு கிடையாது. எந்த ஊர், எந்த இடம், எத்தனை பேர், என்ன அடி என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ரத்தம் கொட்டுகிறதா? சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி வைத்து அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், மண் எதையும் காயத்தில் போடாதீர்கள்.

விரல் துண்டாகிவிட்டதா? அதைத் தூக்கி எறியாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. பட்டால் சதை கெட்டுவிடும். ஆளையும் விரலையும் சேர்த்தே கொண்டுபோங்கள். சில மணி நேரத்துக்குள் போனால் ஒட்டவைக்க வாய்ப்பு உண்டு.

எலும்பு முறிந்ததுபோல் தெரிகிறதா? இழுத்து நேராக்காதீர்கள். இருக்கும் நிலையிலேயே இரண்டு பக்கமும் பலகையோ குச்சியோ வைத்து மெல்லக் கட்டுங்கள்.

கழுத்திலோ முதுகிலோ அடியா? "காலை உணர முடியவில்லை" என்கிறாரா? அப்படியானால் மிகவும் கவனம் வேண்டும். நம் ஊரில் நான்கு பேர் கை, காலைப் பிடித்துத் தூக்கிச் சென்று ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் முறிந்த முதுகெலும்பு அப்போது நகர்ந்து, உள்ளே உள்ள நரம்பை அறுத்துவிடலாம். நடக்கக்கூடியவர் நடக்க முடியாமல் போகலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை அசைக்காதீர்கள். நகர்த்தியே தீர வேண்டும் என்றால் தலை, கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே நேராக இருக்கும்படி நான்கைந்து பேர் சேர்ந்து பலகைக்கு மாற்றுங்கள். கதவுப் பலகைகூடப் போதும்.

"போலீஸ் கேஸ் ஆகிவிடுமே" என்று சிலர் பயந்து ஒதுங்குவார்கள். பயம் வேண்டாம். சாலை விபத்தில் அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு காப்பாற்றுபவருக்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

வெளியே தெரியாத காயம்

சில காயங்கள் கண்ணுக்குத் தெரியாது. அவைதான் அதிகம் ஏமாற்றும்.

வயிற்றில் வண்டி இடித்திருக்கும். வெளியே கீறல்கூட இருக்காது. "ஒன்றுமில்லை" என்று எழுந்து உட்காருவார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். சற்று நேரத்தில் முகம் வெளுக்கும். குளிர்ந்த வியர்வை வரும். நாடி வேகமாகத் துடிக்கும். இது ஆபத்தின் அடையாளம். சோடா, டீ எதுவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசுவார். பிறகு வாந்தி எடுப்பார். தூங்கிக்கொண்டே இருப்பார். "களைப்பு, தூங்கட்டும்" என்று விட்டுவிடக் கூடாது. மூளைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம்.

இன்னொரு காயம் உண்டு. பலருக்கு இது தெரியாது. காலின் மேல் கல்லோ வண்டியோ பல மணி நேரம் அழுத்திக்கொண்டிருந்தால், அடியில் உள்ள சதை செத்துப்போகும். பாரத்தை எடுத்ததும் செத்த சதையின் நச்சு ரத்தத்தில் கலக்கும். அது சிறுநீரகத்தை அடைத்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் நகரில் குண்டு விழுந்து வீடுகள் இடிந்தன. இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட சிலர் சில நாள் கழித்து இறந்தார்கள். ஏன் என்று டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 1941இல் காரணத்தை எழுதினார்கள். நசுங்கிய சதைதான் காரணம். ஆகவே நெடுநேரம் மாட்டிக்கொண்டவரின் காலில் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "இத்தனை மணி நேரம் மாட்டியிருந்தார்" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுநீர் கறுப்பாகவோ சிவப்பாகவோ போனால் உடனே சொல்ல வேண்டும்.

மண்ணும் துருவும் பட்ட காயம் என்றால் தடுப்பூசி போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ரணஜன்னி வரலாம்.

புத்தூர் கட்டும் ஆஸ்பத்திரியும்

எலும்பு முறிந்தால் நம் பக்கத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது புத்தூர். திருத்தணியிலிருந்து திருப்பதி போகும் வழியில் உள்ள ஊர் அது. பல தலைமுறைகளாக அங்கே கட்டுப் போடுகிறார்கள். சென்னையிலிருந்தும் வருகிறார்கள். "புத்தூர் கட்டு" என்ற பெயர்ப்பலகையைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

தடுக்கி விழுந்து கை எலும்பில் சிறு கீறல் விழுந்தால் எந்தக் கட்டானாலும் பலருக்குக் கூடிவிடும். எலும்புக்குத் தானாகக் கூடும் சக்தி உண்டு. அசையாமல் வைத்திருந்தால் போதும்.

ஆனால் வண்டி ஏறிய அடி அப்படிப்பட்டது அல்ல. எலும்பு மட்டும் உடைவதில்லை. அதோடு ரத்தக் குழாயும் நரம்பும் சதையும் நசுங்குகின்றன. அதனால் முதலில் எக்ஸ்ரே வேண்டும். கீழே சொன்ன அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிகிறது.

முறிந்த இடத்துக்குக் கீழே விரல் குளிர்ந்திருக்கிறது, வெளுத்திருக்கிறது அல்லது நீலமாகிவிட்டது.

விரலைத் தொட்டால் உணர்ச்சி இல்லை. அசைக்க முடியவில்லை.

தொடை, இடுப்பு, முதுகு, கழுத்து ஆகிய இடங்களில் முறிவு.

எந்தக் கட்டாக இருந்தாலும் சரி. ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டாக இருந்தாலும் சரி. கட்டிய பிறகு வலி கூடிக்கொண்டே போனால், விரல் மரத்துப்போனால், நிறம் மாறினால் கட்டு இறுகிவிட்டது என்று பொருள். "பொறுத்துக்கொள்" என்று காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே போய்க் கட்டைத் தளர்த்த வேண்டும். காத்திருந்தால் ரத்தம் ஓடாமல் கை அழுகிவிடும். பிறகு வெட்டி எடுக்க வேண்டி வரும்.

எலும்பு கூடினால் போதுமா?

கை எலும்பு கூட ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தொடை எலும்புக்கு மூன்று, நான்கு மாதமோ அதற்கு மேலோ ஆகும். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு இன்னும் தாமதம் ஆகும். புகை ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது.

கட்டைப் பிரித்ததும் பலர் பயந்துபோகிறார்கள். கால் குச்சிபோல் இளைத்திருக்கும். முழங்கால் மடங்காது. "ஊனமாகிவிட்டேன்" என்று நினைப்பார்கள். அது ஊனம் அல்ல. வேலை செய்யாத சதை இளைத்துப்போகும். அசையாத மூட்டு இறுகிப்போகும். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடாமல் விட்டதுபோல. இதற்கு மருந்து உடற்பயிற்சிதான். இதைக் கற்றுத்தருபவர் பிசியோதெரபிஸ்ட்.

முதலில் வலிக்கும். தினமும் சிறிது சிறிதாக மடக்கி நீட்ட வேண்டும். கட்டுக்குள் இருக்கும்போதே விரல்களை அசைத்துக்கொண்டிருந்தால் இறுக்கம் குறையும். ஆபரேஷனுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். பயிற்சிக்குப் போகச் சோம்பல் படுகிறோம். விதைத்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல் விடுவது போன்றது இது.

முட்டை, பால், பருப்பு, கேழ்வரகு, கீரை இவையெல்லாம் எலும்புக்கும் சதைக்கும் நல்லது. "முறிவு உள்ளவர் முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்" என்பது உண்மை அல்ல.

சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

முதுகுத்தண்டு நரம்பு அறுந்தால் என்ன ஆகும்? கீழ்ப்பகுதியில் உணர்ச்சி இருக்காது. கால் அசையாது. சிறுநீர், மலம் தெரியாமல் போகும். நரம்பு முழுவதும் அறுந்திருந்தால் பழையபடி நடப்பது கடினம். அதற்காக வாழ்க்கை முடிந்துவிடுமா?

இதற்குப் பதில் நம் பக்கத்து வேலூரிலேயே இருக்கிறது.

டாக்டர் மேரி வர்கீஸ் கேரளத்தில் 1925இல் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். 1954 ஜனவரியில் அவர் போன வண்டி விபத்தில் சிக்கியது. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டிலும் அடி. இடுப்புக்குக் கீழே செயல் இழந்தது. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் என்பவர் இருந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்துபவர். அவர் மேரிக்குத் தைரியம் தந்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் அல்லவா? மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆபரேஷன் செய்யக் கற்றுக்கொண்டார். தன் கால்கள் நடக்கவில்லை. ஆனால் பிறர் கைகளை வேலை செய்யவைத்தார்.

பிறகு வெளிநாடு போனார். ஊனமடைந்தவர்களுக்கு மறுவாழ்வு தரும் மருத்துவத்தை நியூயார்க்கில் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இப்படிப்பட்ட முதல் நிலையங்களில் அதுவும் ஒன்று. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986இல் காலமானார். அந்த நிலையம் இன்றும் நடக்கிறது.

அங்கே என்ன கற்றுத்தருகிறார்கள்? படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது. தானே குளிப்பது, உடுத்துவது. குறித்த நேரத்தில் சுத்தமான குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பது. கையால் செய்யும் தொழில். கூட இருக்கும் குடும்பத்தாருக்கும் சொல்லித்தருகிறார்கள். சிகிச்சை முடிந்து போனவர்கள் கூடும் விழாவும் அங்கே நடக்கிறது.

முதுகுத்தண்டு அடிபட்டவருக்குப் பெரிய எதிரி படுக்கைப்புண். உணர்ச்சி இல்லாததால் ஒரே இடம் அழுந்துவது அவருக்குத் தெரியாது. தோல் செத்துப் புண்ணாகும். புண் எலும்புவரை போகும். சீழ் பிடித்து உயிரையே வாங்கும். தடுப்பது எப்படி? படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரியிலும்தான். நாற்காலியில் இருப்பவர் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். தினமும் பின்பக்கத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம். கவனம் போதும்.

கால் போனவர் நடக்கலாம்

நசுங்கிய காலை எடுத்துவிட்டால் செயற்கைக் கால் பொருத்தலாம். மேல்நாட்டுச் செயற்கைக் கால் ஷூ போட்டு நடப்பவர்களுக்காகச் செய்தது. நாம் வெறுங்காலோடு வயலில் நடப்பவர்கள். சம்மணம் போட்டு உட்காருபவர்கள். நமக்கு ஏற்றதாக 1968இல் ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் கால் உருவானது. உருவாக்கியவர்களில் ஒருவர் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞர். இன்னொருவர் டாக்டர் பி.கே. சேத்தி. ரப்பரால் ஆன பாதம் அது. சேற்றிலும் நடக்கலாம். சைக்கிளும் ஓட்டலாம்.

நம் பக்கத்தில் திருப்பதியில் 'பர்டு' ஆஸ்பத்திரி இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்துவது. எலும்பு ஆபரேஷனும் செயற்கைக் கை, கால் பொருத்துவதும் அங்கே நடக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யின் சித்தூர் கிளை குடிபாலா மண்டலத்திலேயே ராமாபுரத்தில் உள்ளது. விபத்தில் பலமாக அடிபட்டவர்களுக்கான பெரிய சிகிச்சைப் பிரிவு அதன் ராணிப்பேட்டை வளாகத்தில் உள்ளது. அந்த வளாகம் 2022இல் திறக்கப்பட்டது.

கால் எடுத்த பிறகும் "இல்லாத கால் வலிக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். பேய் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கால் போனது மூளைக்கு இன்னும் பழகவில்லை. அதனால் வலி தெரிகிறது. டாக்டரிடம் சொன்னால் மருந்து உண்டு.

மனசும் அடிபடும். தூக்கம் வராது. வண்டிச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கும். சம்பாதித்தவர் சும்மா இருக்க நேர்ந்தால் கோபம் வரும். குடி சேரும். "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று வீட்டில் ஒரு சொல் வந்தால் அந்தக் காயம் ஆறவே ஆறாது. அவரால் முடிந்த வேலையை அவரிடம் கொடுங்கள். வீட்டு முடிவுகளில் அவரையும் கேளுங்கள்.

நஷ்டஈடு பிச்சை அல்ல, உரிமை

வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு தர வேண்டும் என்று நம் நாட்டில் 1923லேயே சட்டம் வந்தது. இப்போது அது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

வண்டி ஓட்டுபவர், கிளீனர், பாரம் ஏற்றி இறக்குபவர், டிராக்டர் வைத்து விவசாய வேலை செய்பவர், குவாரியில் வேலை செய்பவர், எல்லோருக்கும் இந்த உரிமை உண்டு. கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவருக்கும் உண்டு.

எவ்வளவு கிடைக்கும்? சம்பளத்தையும் வயதையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பெருக்கல் எண் உண்டு. 30 வயதுக்கு 207.98. 40 வயதுக்கு 184.17.

ஒருவருக்கு வயது 30. மாதச் சம்பளம் 10,000 ரூபாய். இனி எந்த வேலையும் செய்ய முடியாத நிலை. அவருக்குச் சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 6,000 ரூபாயை 207.98ஆல் பெருக்க வேண்டும். 12,47,880 ரூபாய் வரும். இறந்துபோனால் 60க்குப் பதில் 50 சதவீதம். குடும்பத்துக்கு 10,39,900 ரூபாய் வரும்.

ஒரு பகுதி மட்டும் ஊனம் என்றால் அதற்கும் அளவு உண்டு. கட்டைவிரல் முழுவதும் போனால் 30 சதவீதம். ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50 சதவீதம். 40 வயது ஆள், அதே சம்பளம், கட்டைவிரல் போய்விட்டது. முழுக் கணக்கு 11,05,020 ரூபாய். அதில் 30 சதவீதம் 3,31,506 ரூபாய். "விரல்தானே போச்சு, இந்தா ஐயாயிரம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சிகிச்சைச் செலவையும் முதலாளி தர வேண்டும். தேறும்வரை அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு தர வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு வழி வேறு. அவருக்கு இ.எஸ்.ஐ. மூலம் சிகிச்சையும் பணமும் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் கிடைக்கும்.

குடித்துவிட்டு வேலை செய்து அடிபட்டாலோ, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியதால் அடிபட்டாலோ நஷ்டஈடு மறுக்கப்படலாம். ஆனால் இறந்துவிட்டாலோ, முழு ஊனம் ஆகிவிட்டாலோ அப்படி மறுக்க முடியாது.

படிக்கத் தெரிந்த கை

விபத்து நடந்த சில நாளில் ஒருவர் காகிதத்தோடு வருவார். "இதில் ஒரு கையெழுத்துப் போடு, பணம் தருகிறோம்" என்பார். முன்பு நாம் கட்டைவிரலை நீட்டினோம். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். முழுவதும் படியுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தெரிந்தவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். "எனக்கு நஷ்டஈடு வேண்டாம்" என்று எழுதி வாங்கினாலும் சட்டப்படி அது செல்லாது.

இந்தக் காகிதங்களை ஒரு பையில் பத்திரமாக வையுங்கள்: ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, மருந்து ரசீது, போலீஸ் புகார் நகல், சம்பளச் சீட்டு, வேலை அட்டை. சம்பளச் சீட்டு இல்லையா? எந்தத் தேதியில் யாரிடம் எவ்வளவு கூலி வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூட வேலை செய்தவர்களின் பெயரையும் எழுதுங்கள்.

விபத்தை முதலாளிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். தள்ளிப்போடாதீர்கள். இரண்டு ஆண்டுக்குள் கேட்டுவிட வேண்டும். வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் இலவச உதவி கிடைக்கும். போன் எண் 15100.

சாலையில் நடந்த மோட்டார் வாகன விபத்து என்றால் வாகன விபத்து நீதிமன்றத்திலும் கேட்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றில்தான் வாங்க முடியும். எது நல்லது என்று சட்ட உதவியில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

பின்னால் வரும் வண்டிக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள்.

தளர்ந்த துணியோடு சுழலும் தண்டின் பக்கம் போகாதீர்கள்.

தூக்கிய டிப்பர் தொட்டியின் அடியில் முட்டுக் கொடுக்காமல் நுழையாதீர்கள்.

முதுகில் அடிபட்டவரை மடக்கித் தூக்காதீர்கள்.

கட்டு இறுகி விரல் மரத்தால் காத்திருக்காதீர்கள்.

படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் வண்டிகளால் நடந்த விபத்து எது? அதைத் தடுத்திருக்க முடியுமா?

2. உங்கள் ஊரில் முதுகில் அடிபட்டவரைப் படுக்கவைத்துத் தூக்கப் பலகை எங்கே கிடைக்கும்?

3. வயது 40. மாதச் சம்பளம் 12,000 ரூபாய். முழு ஊனம். நஷ்டஈடு எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

4. அடிபட்டு வீட்டில் இருப்பவர் யாராவது உங்கள் தெருவில் உண்டா? அவருக்கு என்ன வேலை தரலாம்? இந்தப் பாடத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.